இடது சிறுநீரகம்

சிவப்புக் கோடு பக்கத்தின் ஒரு மூலையில் இருந்து எதிர் மூலை வரை போயிருந்தது. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு இல்லை. கையை வீசிப் போட்டது. பேனா பாதி வழியில் காகிதத்தைக் கீறி, கீறிய இடத்தில் மை தடித்து, அந்தத் தடிப்பு சரியாகச் சிறுநீரகத்தின் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. பொன்ரேகா உயிரியல் ஆய்வகத்துக்கு வெளியே வராந்தா பெஞ்சில் ரெக்கார்டு நோட்டை மடியில் விரித்துவைத்து அந்தத் தடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று பத்து. பன்னிரண்டரைக்குள் இந்த இருபத்து மூன்றாம் பக்கத்தை வேறு தாளில் திரும்ப வரைந்து, அடித்த படத்தின் மேல் ஒட்டி, உள்ளே இருக்கும் அமலி மிஸ்ஸிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கினால் செய்முறைத் தேர்வுப் பட்டியலில் பெயர் ஏறும். பட்டியல் இன்றைக்குப் போகிறது, அதன் பிறகு அடுத்த வருஷம்தான். செய்முறை இல்லையென்றால் உயிரியல் இல்லை. உயிரியல் இல்லையென்றால் மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கவே முடியாது. இயற்பியல், வேதியியல், உயிரியல். மூன்றில் இரண்டு அவளிடம் இருந்தன, நல்ல மார்க்கோடு இருந்தன. மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இருந்தது. அந்த ஒன்றுக்காக, பிளஸ் டூ முடித்து இரண்டு வருஷம் ஆன பிறகு, இருபது வயதில், தனித்தேர்வராகப் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கரப்பான் பூச்சியும் மண்புழுவும் வரைந்து, எல்லாவற்றுக்கும் டிக் வாங்கி, இருபத்து மூன்றாவதில் இந்தக் கோடு.

“திருப்பிப் போட்டிருக்கே. புத்தகத்தப் பாத்து வரைய மாட்டியா?” என்றார் அமலி மிஸ், அந்தக் கோட்டைப் போட்டபோது. அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொல்லும்போதே அடுத்த பக்கத்தைப் புரட்டிவிட்டார். புத்தகத்தில் உள்ள சிறுநீரகத்தின் குழிவு வலது கைப் பக்கம் பார்க்கும். அவள் வரைந்ததில் இடது கைப் பக்கம் பார்த்தது. அவள் வரைந்தது இடது சிறுநீரகம், புத்தகத்தில் உள்ளது வலது சிறுநீரகம், இதைச் சொல்ல ஐந்து விநாடி போதும். அவள் சொல்லவில்லை. “சரிங்க மிஸ்” என்றாள். இப்போது பென்சிலைச் சீவும்போது அந்தச் ‘சரிங்க மிஸ்’தான் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. யார் சொல்லச் சொன்னார்கள்? வாய் தானாகச் சொல்கிறது. பதினான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்து வாய்க்கு இதை மட்டும் நன்றாகப் பழக்கிவிட்டிருக்கிறார்கள். ஒரு சிறுநீரகத்தைக் கத்தியால் நீளவாக்கில் அறுத்துப் புத்தகம் மாதிரி விரித்தால் ஒரு பாதி இந்தப் பக்கம் பார்க்கும், மறு பாதி அந்தப் பக்கம் பார்க்கும், அப்போது எந்தப் பாதியை அடிப்பார் மிஸ்? பென்சில் முனை ஒடிந்தது. துருவியை ஊதித் துடைத்துவிட்டு மறுபடி சீவினாள். மெதுவாக. ஹெச்.பி. பென்சில், நிழல் போடக் கூடாது, கோடு ஒரே இழுப்பாக வர வேண்டும், அழித்த தடம் தெரியக் கூடாது, பாகம் குறிக்கும் கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டக் கூடாது, அம்புக்குறி கூடாது. கூடாது என்கிற பட்டியல் தெரிகிறது இவர்களுக்கு. மனிதனுக்கு இடது பக்கம் ஒன்று இருக்கிறது என்பது தெரியவில்லை.

வெள்ளைத் தாளை நோட்டு அட்டையின் மேல் வைத்து வெளிக்கோட்டைத் தொடங்கினாள். மேலிருந்து கீழே, வயிறு தள்ளின வளைவு. எல்லாரும் அவரை விதை என்பார்கள். அவளுக்கு அது என்றைக்கும் காது மாதிரிதான் தெரிந்திருக்கிறது. ஸ்கேன் சென்டரில் இரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு இருபது முப்பது சிறுநீரகம் பார்க்கிறாள், கறுப்பு வெள்ளையில், மணல் கொட்டின மாதிரி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் இடது வலது என்று எழுதியிருக்கும். அவள் வேலை அதைப் பார்ப்பது இல்லை. டாக்டர் மனோகரன் பேசிப் பதிவுசெய்வதைக் காதில் மாட்டிக் கேட்டு ரிப்போர்ட் டைப் செய்வது. ஆனால் படம் பக்கத்துத் திரையில் இருக்கும்போது கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? கண் பார்த்தது. பார்க்கப் பார்க்கப் பழகியது. ஒருநாள் டாக்டர் குரல் வலது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் கல் என்றது, படத்தில் கல் இடதில் இருந்தது. மூன்று தடவை திருப்பிக் கேட்டாள். வலது என்றுதான் சொன்னது. தாளை எடுத்துக்கொண்டு அவர் அறை வாசலுக்குப் போய், “சார், இது இடதுன்னு படத்துல இருக்கு” என்றாள். வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு ஸ்கேனுக்குக் காத்திருந்த ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “நீ பயாலஜி படிச்சிருக்கியாம்மா?” என்றார். இல்ல சார், கம்ப்யூட்டர் சயின்ஸ். “அப்ப கம்ப்யூட்டரப் பாரு.” யாரோ சிரித்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டுச் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் சிரித்த சிரிப்பு. பத்து நிமிஷம் கழித்து ரிப்போர்ட் திரும்பி வந்தது, வலது என்பதை அடித்து இடது என்று பேனாவில் எழுதி, பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம். திரும்ப டைப் செய்யச் சொல்லி ஆயா கையில் கொடுத்தனுப்பியிருந்தார். ஒரு வார்த்தை இல்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதுதான் போனில் தேடினாள், மருத்துவப் படிப்பில் சேர என்னென்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்று. மூன்று பாடம் வந்தது.

ஏன் டாக்டர் ஆக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? சேவை என்று சொல்ல வேண்டும். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், மாநிலத்தில் முதலிடம் வந்த பிள்ளைகள் வாயில் லட்டை வைத்துக்கொண்டு அதைத்தான் சொல்கிறார்கள். கோபத்தால் டாக்டர் ஆகலாமா? கேள்வி கேட்டால் பதில் சொல்லாத ஆளிடம் திரும்பிப் போய் நிற்பதற்காக ஆகலாமா? ஆகக் கூடாது என்று விதி எதுவும் இருப்பதாக அவள் படிக்கவில்லை. கோடு கைக்குக் கட்டுப்பட்டு வளைந்து கீழே வந்து குழிவுக்குள் திரும்பியது. இந்தத் தடவை வலது பக்கமாக. மிஸ் கேட்டபடி. தாளில் கொஞ்சம் அதிகமாகவே இடது ஓரத்துக்குத் தள்ளி ஆரம்பித்துவிட்டாள் என்பது அப்போதுதான் தெரிந்தது, வலது பாதி முழுக்க வெறுமையாகக் கிடந்தது, பரவாயில்லை, பாகம் குறிக்க இடம் வேண்டும்தானே. புறணிக்கு உள்கோடு. பிறகு பிரமிடுகள், ஒவ்வொன்றும் தலை உள்பக்கம் பார்த்து. மூன்றாவது பிரமிடு போடும்போது கதவைத் திறந்துகொண்டு ஆய்வக உதவியாளர் ஜெபராணி அக்கா வந்தாள். கையில் ஒரு கண்ணாடி ஜாடி, அதற்குள் வெளுத்துப்போன தவளை ஒன்று.

“இன்னும் ஒக்காந்திருக்கியா?” என்றாள். “மிஸ் இன்னைக்குச் சூடா இருக்காங்க, காலைல இருந்து மூணு பேரோட நோட்டத் தூக்கிப் போட்டாச்சு. ஒனக்கு ஒத்தப் பக்கம்தான. அதிர்ஷ்டக்காரி.”

“எது தப்புன்னே தெரியாம அடிச்சா அதுக்குப் பேரு அதிர்ஷ்டமாக்கா?”

“மெல்லப் பேசு. இந்தத் தவளைக்கே காது கேக்கும் இங்க.” ஜாடியைத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே கொண்டுபோய்க் கழுவினாள். “நானா இருந்தா வாய மூடிட்டு அவங்க சொன்னாப்ல வரைஞ்சு குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்பேன். நாளப்பின்ன டாக்டர் ஆன பெறகு எந்தப் பக்கம் வேணாலும் வெட்டு, யாரு கேக்கப் போறா.”

யாரு கேக்கப் போறா. அதுதான் இங்கே எல்லாருடைய நம்பிக்கையும். பொன்ரேகா நான்காவது பிரமிடைப் போட்டாள். ஜாடியில் இருந்து ஃபார்மலின் வாடை வந்தது. அந்த வாடை வந்ததும் மனசு போக வேண்டாத இடத்துக்குத் தானாகப் போனது, நாக்கு சொத்தைப் பல்லுக்குப் போகிற மாதிரி. பத்தாவது முடித்த ஜூன் மாதம். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு சேர்க்கை நாள். எந்தக் குரூப் வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன்னால் இரண்டு ஆய்வகத்தையும் காட்டினார்கள். உயிரியல் ஆய்வகத்தில் இதே வாடை, இதே வெளுத்த தவளை, ஓடாத மின்விசிறி, ஜன்னல் கம்பியில் காயப்போட்டிருந்த துடைப்புத் துணி. கம்ப்யூட்டர் லேப் மாடியில். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் நீலத் திரைச்சீலை, சத்தமில்லாத குளிர். பள்ளிக்கூடத்திலேயே ஏசி இருந்த ஒரே அறை. வெயிலில் இரண்டு மைல் நடந்து வந்திருந்தாள். பாதங்கள் சில்லென்ற டைல்ஸில் பட்டன. அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு இன்னும் பாதத்தில் இருக்கிறது. படிவத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று அவள் கையால்தான் எழுதினாள். தலைமையாசிரியர் படிவத்தைப் பார்த்து, “நல்ல மார்க் எடுத்திருக்கியே, பயாலஜி வேண்டாமா?” என்றுகூடக் கேட்டார். வேண்டாம் சார் என்றாள். யாரும் தடுக்கவில்லை. யாரும் மறுக்கவில்லை. ஏசி. ஒரு ஏசிக்காக. பென்சில் தாளில் அழுந்தி ஒரு பிரமிடின் மூக்கு கறுத்துப்போனது. அழிப்பானின் கூர்முனையால் தொட்டுத் தொட்டு எடுத்தாள், தேய்த்தால் தடம் விழும். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், உயிரியல் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது என்று தெரிந்த அன்று, ஏன் அப்போதே எடுக்கவில்லை என்று அம்மா கேட்டதற்கு, “ஹெட்மாஸ்டர் தரல, சீட் இல்லன்னுட்டார்” என்று வாய் சொன்னது. ‘சரிங்க மிஸ்’ சொன்ன அதே வாய். அதற்குப் பிறகு அது வளர்ந்தது. அம்மா அதை நோட்டு பைண்டிங் பட்டறையில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னாள், அவர்கள் அவரவர் தெருவில் சொன்னார்கள். போன வருஷம் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில், ரிட்டையர் ஆகிப் பையோடு நின்ற அந்த மனிதரைப் பார்த்து அம்மா, “எம் பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?” என்று கேட்டுவிட்டாள். இவள் யார், என்ன என்று விளங்காமல் அவர் கும்பிட்டார். பொன்ரேகா பக்கத்தில்தான் நின்றாள். கும்பிட்ட கையில் பால் பாக்கெட் இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை அப்போதும்.

போன் அடித்தது. அம்மா. பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம்.

“கையெழுத்து ஆச்சா?”

“இல்ல. ஒரு படத்த அடிச்சுட்டாங்க. திரும்ப வரையறேன்.”

“எவ அடிச்சா? நான் வரட்டா?”

“நீ வேண்டாம்மா.”

“ஒவ்வொருத்தனும் ஒம் பாதையில குறுக்க வந்து படுக்குறான். மொதல்ல அந்த ஹெட்மாஸ்டர். அந்த ஆளு மட்டும் அன்னைக்கு அந்தக் குரூப்பக் குடுத்திருந்தா இன்னைக்கு நீ இப்படி ஒவ்வொரு வாசலா நிக்கணுமா? இங்க காளியம்மக்கா கூட இப்பதான் சொல்லிக்கிட்டிருந்தா, அவனெல்லாம்…”

“அவர் குடுக்கேன்னுதான் சொன்னார்” என்றாள் பொன்ரேகா. சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. குரல் கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம், அம்மா மேல் போய் விழுந்தது. “அவர் கேட்டார். நான்தான் வேண்டாம்னேன். கம்ப்யூட்டர் லேப்ல ஏசி இருந்துச்சு. அதுக்காக எடுத்தேன். போதுமா? அவர ஏசாத இனிமே.”

மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. சாப்பாட்டு மணியாக இருக்கும்.

“ஏசியா?” என்றாள் அம்மா.

“ஆமா.”

“பஸ் ஸ்டாண்டுல வச்சு அந்த மனுசன… நீ பக்கத்துலதானடி நின்ன.”

“நின்னேன்.”

“கல்லு மாதிரி நின்னியேடி.” அதற்கு மேல் எதுவும் இல்லை. திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டாள்.

வராந்தாவின் கடைசியில் யாரோ பிள்ளைகள் ஜன்னல் கதவை அடித்துச் சாத்தினார்கள். மணி பன்னிரண்டு ஆக ஐந்து நிமிஷம். பொன்ரேகா போனைப் பெஞ்சில் கவிழ்த்துவைத்தாள். சிறுநீர் நாளத்தின் இரண்டு கோட்டையும் ஒரே அகலத்தில் கீழே இழுத்தாள். தமனி, சிரை. முடிந்தது. புத்தகத்தில் உள்ளது மாதிரியே, புத்தகத்தைவிட நன்றாக, வலது பக்கம் பார்த்துக்கொண்டு ஒரு வலது சிறுநீரகம். இதற்கு டிக் விழும். இதை ஒட்டிக் கொடுத்தால் பெயர் பட்டியலில் ஏறும், தேர்வு எழுதலாம், மூன்று பாடமும் இருக்கும், யாரும் எங்கேயும் நீ பயாலஜி படிச்சிருக்கியா என்று கேட்க முடியாது. படித்திருக்கிறேன் சார், அமலி மிஸ்ஸிடம் படித்தேன், அங்கே எல்லாச் சிறுநீரகமும் வலது சிறுநீரகம். கோபம் குறையும் என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்கிறார்களே, எதுவும் இறங்கவில்லை. இதுவரை அந்தப் பாரத்துக்கு ஒரு தலைமையாசிரியர் இருந்தார், பாதியை அவர் தலையில் ஏற்றிவைத்திருந்தாள், இப்போது அவரும் இறங்கிப் போய்விட்டார், மொத்தமும் அவளுடையது. ஏசிக்கு ஆசைப்பட்டது அவள், பொய் சொன்னது அவள், கல் மாதிரி நின்றது அவள், சரிங்க மிஸ் என்றது அவள். ஆனால் மிஸ் அடித்த இந்தப் படம் தப்பு இல்லை. மற்றது எல்லாம் தப்பு, இது தப்பு இல்லை. இந்த ஒன்றில் அவள் சரி. அந்த ஒன்றை எடுத்து அதன் மேல் பசை தடவி இன்னொரு தாளை ஒட்டி மூடச் சொல்கிறார்கள்.

தாளின் வலது பாதி வெறுமையாகக் கிடந்தது. ஒரு ஆள் எதிரே நின்றால், அவருடைய வலது சிறுநீரகம் நமக்கு இடது கைப் பக்கம் தெரியும். இடது சிறுநீரகம் நம் வலது கைப் பக்கம். இப்போது தாளில் நிற்கும் ஆளுக்குப் பாதி உடம்புதான் இருந்தது. பென்சிலை எடுத்தாள். இன்னும் முப்பத்தைந்து நிமிஷம். மறுபடியும் அடித்தால் வரைய நேரம் இல்லை, வருஷம் போச்சு. அது நன்றாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே வெளிக்கோட்டை இழுத்தாள். ஒரே இழுப்பு. முதல் படத்தின் குழிவுக்கு நேராக இதன் குழிவு, ஒன்றை ஒன்று பார்த்தபடி. புறணி. பிரமிடுகள், ஒன்று, இரண்டு, மூன்று. இந்தப் பக்கம் கை வேகமாக ஓடியது, இரண்டு வருஷமாகக் கண் வரைந்து வைத்திருந்ததைக் கை எடுத்துக் கொடுக்கிற மாதிரி. பாகங்களைக் குறிக்க வலது ஓரத்தில்தான் இடம் மிச்சம் இருந்தது. அதனால் கோடுகள் எல்லாம் இடது சிறுநீரகத்தில் இருந்தே கிளம்பின. புறணி, மெடுல்லா, பிரமிடு, பெல்விஸ், தமனி, சிரை, நாளம். ஏழு கோடு, ஸ்கேல் வைத்து, ஒன்றை ஒன்று வெட்டாமல். கீழே சின்ன எழுத்தில் ஒன்றுக்கு வலது, ஒன்றுக்கு இடது. முன்பு வரைந்ததில் இடது என்று எழுதியிருக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது. எழுதியிருந்தால் அடித்திருக்க மாட்டாரோ? அதைப் பற்றி நினைக்க நேரம் இல்லை. நினைத்தால் கோபத்தில் பாதியை அவருக்குத் தள்ளுபடி செய்ய வேண்டியிருக்கும், அவள் தயாராக இல்லை. பசையைத் தடவி ஒட்டினாள். ஓரங்களை உள்ளங்கையால் நீவினாள். அடியில் இருந்த சிவப்புக் கோடு தாளில் லேசாகத் தெரிந்தது.

“ஏட்டி, ரெண்டா?” என்றாள் ஜெபராணி அக்கா, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. “கேட்டது ஒண்ணுதான? எதுக்கு வம்பு?”

அமலி மிஸ் மேஜையில் பட்டியலை விரித்து வைத்திருந்தார். பதினாறு பெயர் இருந்தது. நோட்டை வாங்கி, இருபத்து மூன்றைத் திறந்து, சிவப்புப் பேனாவோடு குனிந்தவர் நிமிர்ந்தார்.

“ஒண்ணு வரையச் சொன்னா ரெண்டு வரைஞ்சிருக்கே.”

“மனுஷனுக்கு ரெண்டு இருக்கு மிஸ்.”

ஜெபராணி அக்கா கதவருகில் இருமினாள். மிஸ் பாடப் புத்தகத்தை இழுத்துப் பக்கத்தில் வைத்தார். முதல் படத்தை அதோடு ஒத்துப் பார்த்தார். டிக் போட்டார். பேனா இரண்டாவதுக்கு மேலே வந்து நின்றது. கோடுகள் கிளம்புகிற இடத்தைப் பார்த்தார், பெயர்களைப் படித்தார், கீழே இடது என்று எழுதியிருந்ததைப் படித்தார். பிறகு, தனக்கே தெரியாமல் நடப்பது போல, இடது கையை மடக்கித் தன் இடுப்புக்கு மேலே விலாவில் வைத்தார். புத்தகத்தைப் பார்த்தார். கையை எடுத்துப் பேனாவைப் பக்கத்தின் அடியில் கொண்டுபோய்க் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். முதல் பக்கத்தில் சான்றிதழுக்கும் போட்டார். நோட்டை மூடி அவள் பக்கம் தள்ளினார். கிடைத்துவிட்டது. எடுத்துக்கொண்டு போகலாம். அவள் எடுக்கவில்லை.

“மிஸ், ரெண்டாவதுக்கு டிக் போடல.”

“கையெழுத்துப் போட்டாச்சுல்ல.”

“கையெழுத்து பக்கத்துக்கு. படம் சரின்னா டிக் போடுங்க மிஸ். தப்புன்னா அடிங்க.”

சொன்னது அவள் குரல்தான். உயர்ந்து ஒலிக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. அடித்துவிட்டால்? அடிக்கட்டும், அடித்தால் இந்தத் தடவை ஏன் என்று கேட்பேன், கேட்டுவிட்டுத்தான் போவேன். அமலி மிஸ் அன்று காலையில் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தூக்கம் போதாத கண்கள், மூக்கின் மேல் கண்ணாடி அழுத்திய இரண்டு தடம். பிறகு நோட்டைத் தம் பக்கம் இழுத்து, பக்கத்தைத் தேடித் திறந்து, இடது சிறுநீரகத்தின் அருகே ஒரு டிக் போட்டார். கடுகு அளவு டிக்.

“போதுமா?”

போதாது. டாக்டருக்குப் போதாது, அந்தக் கோட்டுக்குப் போதாது, பால் பாக்கெட்டோடு கும்பிட்ட கைக்குப் போதவே போதாது. அமலி மிஸ் பெருமூச்சு விட்டுப் பட்டியலை எடுத்துப் பதினேழு என்று எண் போட்டு எழுத ஆரம்பித்தார். பொன்ரேகா மேஜையின் இந்தப் பக்கம் நின்று, தலைகீழாக இருந்த தன் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்து, இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நோட்டைக் கையில் எடுத்தாள்.